ஏழக்கா வேண்டாம்

அந்தச் சாப்பாட்டுக் கடையில் பில் மெஷின் ஒன்றுதான். அதைத் தொடுகிறவர்கள் ஐந்து பேர். சமையலறைக் கதவுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில், மார்பளவு உயர மேசையில் அது நின்றது. ஆவியும் ஈரக் கையும் படும் இடம். அதனால் திரை எப்போதும் லேசாக மங்கியே இருக்கும்.

கடையில் முன்னால் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணைப் புதிதாக வருகிறவர்களுக்குத் தருவதில்லை. ஆகவே ஆள் குறைவாக இருந்தாலும் எண்கள் பதினொன்று வரை போயிருந்தன. ஏழாம் எண்காரிக்கு முப்பத்தாறு வயது. காலையில் முதலில் வந்து மெஷினைத் திறப்பவள் அவள். அது கண் விழிக்க எடுத்துக்கொள்ளும் ஒரு நிமிடம்தான் அவள் கடவுளோடு பேசும் நேரம். கைகூப்ப மாட்டாள். மேசைத் துணியைப் பிடித்தபடி கண்ணை மூடி, "இன்னிக்கு வர்றவங்க வயிறு நெறையணும், யார் மனசும் நோகக் கூடாது" என்று மட்டும் சொல்வாள்.

ஏழாம் நம்பர் அக்கா என்பது சுருங்கி 'ஏழக்கா' ஆயிற்று. டீ மாஸ்டருக்கு ழகரம் வராது. அவர் வாயில் அது 'ஏலக்கா'.

"ஏலக்கா, ரெண்டு டீ எங்க போகுது?"

"நான் ஏழக்கா. ஏலக்கா உங்க டப்பால இருக்கு."

"ரெண்டுமே வாசனையாத்தான் இருக்கு, போ."

இந்தக் கேலி நாளுக்குப் பத்துத் தடவை நடக்கும். மெல்ல மெல்லக் கடை முழுக்க அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளர்களும் கூடத்தான். யார் ழ சொன்னார்கள், யார் ல சொன்னார்கள் என்று அந்தச் சத்தத்தில் பிரித்துக் கேட்க முடியாது.

அவளுடைய நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள். கணவனின் அக்கா. ஏழக்காவுக்கு அண்ணி, அதனால் கடையிலும் எல்லோருக்கும் அண்ணி. பதினெட்டு வருடம் பின்கட்டில் பாத்திரம் தேய்த்தவள். இடுப்பு மடங்க மறுத்த பிறகு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எண் பதினொன்று.

மெஷினைப் பொருத்த வந்தவர் முதல் நாளே விளக்கமாகச் சொல்லியிருந்தார்.

"விரல வச்சுத் திறக்கணும். திறந்தவங்க பேர்லதான் எல்லாம் பதிவாகும். முப்பது செகண்ட் யாரும் தொடலன்னா தானா லாக் அவுட் ஆயிடும். அடுத்தவங்க அவங்க விரல வச்சுத்தான் உள்ள வரணும். ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் எதையும் போட்டுடக் கூடாது பாருங்க."

"அப்போ தானாவே பூட்டிக்கிற அலமாரி" என்றார் டீ மாஸ்டர்.

"அதேதான்."

எல்லோருடைய விரலையும் அலமாரி ஏற்றுக்கொண்டது. அண்ணியின் விரலை மட்டும் ஏற்கவில்லை. சோப்புத் தூளும் கொதிநீரும் கம்பிச் சுருளும் சேர்ந்து பதினெட்டு வருடத்தில் ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன. விரல்களை மாற்றி மாற்றி வைத்தாள். ஆறாவது தடவை ஒரு விரல் எப்படியோ பதிந்து, பெயர் ஏறியது. ஆனால் மறுநாள் முதல் சிவப்பு எழுத்துதான்: அடையாளம் தெரியவில்லை.

"கடைசிக் காலத்துல எங்க வீட்டுக்காரருக்கே என்ன அடையாளம் தெரியல. இதுக்குத் தெரியலன்னு கோவிச்சுக்க முடியுமா?" என்று சிரித்தாள் அண்ணி.

விரலுக்குப் பதிலாக எட்டு இலக்க எண்ணை அடிக்கலாம். அவள் கண்ணாடியைத் தேடி, எண்ணைத் தேடி, அடித்து முடித்து, சோறா ரொட்டியா என்று கேட்டுத் திரும்புவதற்குள் முப்பது செகண்ட் ஓடிவிடும். திரை மூடிக்கொள்ளும். வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

நான்காவது நாள் மேனேஜர் மெஷின்காரரைப் போனில் பிடித்தார். போனும் சார்ஜருமாகவே அலைவதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'சார்ஜர்' என்று பெயர்.

"அந்த லாக் அவுட்ட எடுத்து விடுப்பா. இங்க ஜனம் வாசல் வரைக்கும் நிக்குது, இது என்னடான்னா கண்ண மூடி மூடித் திறக்குது."

எடுத்துவிட்டார்கள். 'மெஷினை விட்டு நகரும் முன் லாக் அவுட் செய்ய வேண்டும்' என்ற தாள் மட்டும் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அந்த ஆணியில் யாரோ ஏப்ரனை மாட்டினார்கள். தாள் மறைந்துபோயிற்று.

அதன் பிறகு காலையில் ஏழக்கா திறப்பதுதான். மாலை வரை கடையில் வெந்தது, ஊற்றியது, பரிமாறியது எல்லாம் ஏழு என்ற தலைப்பிலேயே அச்சாகும். இது அண்ணிக்கு வசதி என்பதால் ஏழக்கா வேண்டுமென்றே முந்திக்கொண்டு திறந்தாள். பகல் ஒரு மணிக்குப் பின்கட்டுக்குப் போவாள். பாத்திரம் கழுவும் பெண் பிள்ளைத்தாய்ச்சி. அவள் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடட்டும் என்று கால்மணி நேரம் இவள் தேய்த்துக் கொடுப்பாள். அந்தக் கால்மணி நேரம் அண்ணி மெஷினில் நிற்பாள்.

யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்காத ஏற்பாடு அது. அப்படிப்பட்ட ஏற்பாட்டிலும் ஒரு பிள்ளையின் உயிர் ஊசலாட முடியும் என்பதுதான் பிறகு தெரிந்தது.

*

அன்று காற்றே இல்லை. மேகம் கூரை மேல் உட்கார்ந்ததுபோல் கிடந்தது, பெய்யவில்லை. பகல் ஒன்று பன்னிரண்டுக்கு ஏழாம் எண்ணின் பேரில் ஒரு சோறு, ஒரு சூப், ஒரு பால் என்று சீட்டு போயிருக்கிறது. கடையில் பால் இரண்டு பாத்திரத்தில் காயும். பெரியதில் ஏலக்காய் தட்டிப் போட்டது. சின்னதில் வெறும் பால். 'ஏலக்காய் வேண்டாம்' என்று சீட்டில் குறிப்பு வந்தால் டீ மாஸ்டர் சின்னதிலிருந்து ஊற்றுவார். அந்தச் சீட்டில் குறிப்பு இல்லை.

ஏலக்காய் ஒத்துக்கொள்ளாத ஐந்து வயதுப் பெண் குழந்தை. இரண்டு மடக்குத்தான் குடித்திருக்கும். உதடு தடித்தது, கழுத்தைப் பிடித்துக்கொண்டது, மூச்சு விசில் மாதிரி வந்தது. தாய் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கத்தினாள். ஏழக்கா சோப்புக் கையோடு ஓடிவந்து, யார் காரோ தெரியாது, கதவைத் திறந்து அவர்களை ஏற்றினாள். கார் போன பிறகும் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் நுரை காய்ந்துபோயிருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா."

"நிக்கறேன் சார். பிள்ள எப்படி இருக்கு?"

"பொழச்சிருச்சு. ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

"கடவுளே" என்று அப்போதுதான் உட்கார்ந்தாள். "எந்த ஆஸ்பத்திரி சார்? போய்ப் பாக்கணும்."

"அதெல்லாம் கூடாது. இதப் படி."

தட்டச்சு செய்த தாள். எனது கவனக்குறைவால் வாடிக்கையாளர் சொன்ன குறிப்பைப் பதிவு செய்யத் தவறினேன், முழுப் பொறுப்பும் என்னுடையது என்று இருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இது சுகாதார ஆபீசுக்குப் போகணும். ஆபீசுக்குப் போனா வேலைல வச்சிருக்க முடியாது, தெரியும்ல. ஆனா போலீசு கீலீசுன்னு போகாம நான் பாத்துக்கறேன்."

இந்தத் தாள் போனால் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் அவளை நுழைய விட மாட்டார்கள். அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். ஆனாலும் அவள் நினைத்தது அதை அல்ல. அந்தத் தாய் இந்தத் தாளைப் படிப்பாள். தன் பிள்ளையை மூச்சுத் திணறவைத்தவள் ஏழக்கா என்று நம்புவாள். அது பொய்.

"நான் அந்த நேரத்துல பின்னாடி பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தேன் சார்."

"மெஷின் ஏழுன்னு சொல்லுதே. மெஷின் பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்சதச் சொல்லுது. ஏழு திறந்தா, ஏழு மூடல. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். பால யாரு போட்டான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ யாரு போட்டது?"

"நான் இன்னும் கேக்கல. கேக்காம சொல்ல மாட்டேன்."

"ரெண்டு நாள் தர்றேன். யோசிச்சுக் கையெழுத்துப் போட்டுரு."

"யோசிக்க என்ன இருக்கு? போட மாட்டேன் சார்."

அறையை விட்டு வந்தவள் நேராகச் சுவரிடம் போனாள். ஏப்ரனை ஆணியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். தாளின் மேலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாள். பிறகு மெஷினில் விரல் வைத்து, ஒரு ரொட்டி ஒரு டீ என்று போட்டு, "லாக் அவுட்" என்று வாய்விட்டுச் சொல்லி மூடினாள். அடுத்த ஆளுக்கு மறுபடி விரல் வைத்தாள். மறுபடி மூடினாள். அன்று முழுக்க அப்படித்தான்.

பகல் ஒரு மணிக்குப் பின்கட்டுக்குப் போகும்போதும் மூடிவிட்டுத்தான் போனாள்.

அண்ணி மெஷின் முன்னால் வந்து நின்றாள். கட்டை விரலைப் புடவையில் துடைத்து வைத்தாள். ஊதி வைத்தாள். அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி வீட்டிலிருந்தது. வரிசையில் பதினைந்து பேர். எல்லோரும் தன் விரலையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"ஏழக்கா இல்லையா?" என்றார் முதலில் நின்றவர்.

அண்ணி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

*

அவர்கள் மூவரும் இருக்கும் வீடு ஒரு மாடிப்படியின் அடியில் இருக்கிறது. முன்னறையில் பாதி, கணவனின் பட்டறை. பழைய மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவன் அவன். எத்தனை சுற்று என்பதை நோட்டில் கோடு போட்டுக்கொண்டே சுற்றுவான். அன்று சாயங்காலம் அவன் கோடு போடுவதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"கையெழுத்தப் போட்டுட்டு வந்துரேன். வேற வேல பாத்துக்கலாம். போலீஸ் ஸ்டேஷன் வாசப்படி நமக்கு வேண்டாம்."

"நான் செய்யாதத செஞ்சேன்னு எழுதறதுக்கு எதுக்குங்க எனக்கு எழுதப் படிக்கக் கத்துக்கொடுத்தாங்க?"

"வீம்பு."

"ஆமா, வீம்புதான்."

சோறும் கீரையும் முட்டையும் இருந்தன. அண்ணி தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நேற்றும் அவள் சாப்பிடவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீர போடட்டா அண்ணி?"

அண்ணி தட்டைத் தள்ளினாள்.

"என்ன எதுக்குடி அங்க நிக்க வச்ச? பதினஞ்சு பேருக்கு முன்னாடி விரல நீட்டிக்கிட்டு, பிச்ச கேக்கற மாதிரி. நீ மூடிட்டுப் போனா எனக்குத் திறக்காதுன்னு உனக்குத் தெரியாதா? வேணும்னே செஞ்சியா?"

"அய்யோ, உங்கள நெனச்சு நான் மூடல அண்ணி. என் பேர்ல இனிமே..."

"உன் பேர்ல என்ன? சொல்லு. உன் பேர்ல நான் பால் போட்டேன்னு சொல்லு."

கணவன் கம்பியைக் கீழே வைத்தான்.

ஏழக்கா எழுந்துபோய் அண்ணியின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன நடந்துச்சு அண்ணி? திட்ட மாட்டேன். சொல்லுங்க."

"அந்தம்மா பிள்ளையோட வந்தாங்க. ஒரு சோறு, ஒரு சூப், பிள்ளைக்கு ஒரு பால்னாங்க. அப்புறம் 'ஏலக்கா வேண்டாம்மா'ன்னாங்க." அண்ணி மூக்கைத் துடைத்தாள். "எனக்கு 'ஏழக்கா வேண்டாம்மா'ன்னு காதுல விழுந்துச்சுடி."

அண்ணி தட்டின் விளிம்பைத் தடவினாள்.

"நான் நின்னாலே ஜனங்க கேப்பாங்க, ஏழக்கா இல்லையான்னு. நான் மெதுவா போடுவேன்ல. அந்தம்மாவே ஒரு தடவ கேட்டிருக்காங்க. அன்னிக்கு மொத தடவயா ஒருத்தங்க, ஏழக்கா வேண்டாம், நீயே போடுன்னு சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன். சந்தோஷமாப் போச்சு. 'வேண்டாம்னா விடுங்கம்மா, நானே போடறேன்'னு சொன்னேன். அவங்களும் சரின்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

கணவனுக்குத் தொண்டையில் ஏதோ ஏறியது. அது சிரிப்பு என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டான். ஏழக்காவின் தோளும் குலுங்கியது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சிரிங்க. நான் ஒரு பிள்ளையச் சாகடிக்கப் பாத்தேன்."

"நீங்க சாகடிக்கப் பாக்கல. உங்கள ஒருத்தங்க வேணும்னு சொன்னாங்கன்னு சந்தோஷப்பட்டீங்க. அதுக்கு எந்தச் சாமியும் கோவிக்காது." ஏழக்கா தட்டை இழுத்து, பிசைந்து வைத்திருந்த சோற்றில் கீரையைச் சேர்த்தாள். "ரெண்டு நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா இந்த வீட்டுல உன் பக்கத்துல எனக்கு எடம் இருக்குமா?"

"பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். வாயத் திறங்க."

அண்ணி வாங்கிக்கொண்டாள். இரண்டாவது வாய்க்குப் பிறகு தானே எடுத்துச் சாப்பிட்டாள்.

"நாளைக்கு நான் போய்ச் சொல்லிடறேன்" என்றாள்.

"சேந்தே போவோம். ஆனா அவர் எழுதின தாள்ல இல்ல. நம்ம எழுதின தாள்ல." ஏழக்கா கணவனைப் பார்த்தாள். "அந்த நோட்டுல ஒரு பக்கம் கிழிங்க."

"கோடு போட்ட பக்கமா, போடாத பக்கமா?"

"போடாதது."

வீம்பு என்று சொன்னவன்தான் பேனாவையும் தேடிக் கொடுத்தான். உள்ளங்கையில் கிறுக்கி, மை வருகிறதா என்று பார்த்துவிட்டே கொடுத்தான்.

*

மேனேஜர் அந்த நோட்டுத் தாளை இரண்டு தடவை படித்தார். மூன்று வரிதான் இருந்தது.

மெஷினைத் திறந்துவிட்டு மூடாமல் போனேன், தினமும் அப்படித்தான் போனேன், அது என் தப்பு. இது ஏழக்கா எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தாள்.

வாடிக்கையாளர் சொன்னதைத் தப்பாகக் காதில் வாங்கிப் பாலைப் போட்டேன், அது என் தப்பு. இது அண்ணி.

தானாக மூடிக்கொள்ளும் வசதியை எடுக்கச் சொன்னேன், அது என் தப்பு. இதன் கீழே கையெழுத்து இல்லை. இடம் விட்டிருந்தது.

"மூணாவது வரிய எடு."

"எடுத்தா மொத ரெண்டும் பொய்யாயிடும் சார்."

"எங்கிட்டயே சட்டம் பேசறியா?"

"சட்டம் எனக்குத் தெரியாது. நடந்தது தெரியும்."

மேனேஜர் சார்ஜர் வயரை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சரி. போட்டது அவங்கதானே? அவங்களே சொல்லிட்டாங்க. அவங்க ஒருத்தங்க கையெழுத்துப் போடட்டும். வயசாயிடுச்சு, எப்படியும் வீட்டுல உக்கார வேண்டியவங்கதான். உன்ன விட்டுடறேன். போய் மெஷினப் பாரு."

அண்ணி உடனே பேனாவுக்குக் கை நீட்டினாள். ஏழக்கா அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்து, மேனேஜரின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"பாருங்க சார், இதுல ரேக இருக்கான்னு பாருங்க. பதினெட்டு வருஷம் இந்தக் கடைப் பாத்திரத்துல தேஞ்சது. இந்த விரல உங்க மெஷினுக்கு அடையாளம் தெரியலன்னீங்க. பேப்பர்ல வைக்கறதுக்கு மட்டும் தெரியுதா?"

"இத பாரு..."

"அவங்க மட்டும் போட மாட்டாங்க. நான் மட்டும் போட மாட்டேன். மூணு பேரும் போட்டா அது பேப்பர். இல்லன்னா எங்க வீட்டு நோட்டுக்கு ஒரு பக்கம் நஷ்டம்."

அவள் குரல் உயரவில்லை. தாளை எடுத்து மடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் டீ மாஸ்டர் வடிகட்டியோடு குறுக்கே நின்றார். கதவு மெல்லியது. எல்லாம் கேட்டிருக்கிறது.

"ஏலக்கா, அந்தத் தாளக் குடு."

"எதுக்கு?"

"நாலாவது வரி எழுதணும். இந்தப் பேர இப்படிக் கெடுத்து வச்சது நான். எனக்கு ல வராது."

"உங்களுக்கு ல நல்லா வரும். ழதான் வராது."

"அதான் சொன்னேன். ல வராது." அவர் எழுதினார். எழுத்தில் ழகரம் சரியாகவே வந்தது: ஏழக்கா என்ற பெயரை ஏலக்கா என்று பரப்பினேன், அது என் தப்பு. கையெழுத்தின் மேல் ஒரு சொட்டு டீ விழுந்தது.

அன்று பகல் வானம் உடைந்து கொட்டியது. ஒதுங்க வந்தவர்களும் சாப்பிட வந்தவர்களுமாகக் கடை நிறைந்தது. பரிமாறுகிற இருவரும் மெஷினுக்கு வந்தார்கள், விரல் வைத்தார்கள், போட்டார்கள், "லாக் அவுட்" என்று சொல்லி மூடிவிட்டுப் போனார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எட்டு எண்ணையும் ஒவ்வொரு தடவையும் நிதானமாக அடித்தாள். வரிசை வாசலைத் தாண்டி மழைக்குள் போனது.

மேனேஜர் ஓடிவந்தார். "திறந்தே வைங்கம்மா! ஒருத்தர் திறந்தாப் போதும்!"

"தாள்ல போட்டிருக்கு சார்." அண்ணி சுவரைக் காட்டினாள். "இத்தன நாளா ஏப்ரன் மறைச்சிருந்துச்சு, கண்ணுல படல."

குடை பிடித்து நின்ற ஒருவர் சலித்துக்கொண்டார். "என்னம்மா இவ்வளவு நேரம்?"

"கொஞ்சம் பொறுங்கய்யா" என்றாள் ஏழக்கா. "உங்க சாப்பாட்ட யாரு போட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியணும்ல."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். "சரிதான்" என்று குடையை மடக்கி, பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த பெரியவரை முன்னால் போகச் சொன்னார்.

*

அதற்கு மூன்றாம் நாள் முதலாளியம்மா வந்தார். எப்போதாவது வருகிறவர். வந்தால் முதலில் பால் பாத்திரத்தைத்தான் எட்டிப் பார்ப்பார். அன்று தாளைக் கேட்டார். நின்றபடியே நான்கு வரியையும் படித்தார்.

"எடுக்கச் சொன்னியா?" என்று மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் தரையைப் பார்த்தார். "கூட்டமா இருந்துச்சும்மா."

"கூட்டம்தாம்மா" என்றாள் ஏழக்கா. "அவரும் வேணும்னு செய்யல. யாருமே வேணும்னு செய்யல. அதத்தான் நாங்களும் எழுதிருக்கோம்."

மேனேஜர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தன்னை எதிர்த்து நின்றவள் தனக்காகவும் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. பேனாவை எடுத்து, விட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம் கோணலாகப் போயிற்று.

மெஷின்காரரை வரவழைத்தார்கள். தானாக மூடிக்கொள்ளும் வசதியைப் பழையபடி வைத்தார். விரல் பதியாதவர்களுக்கு என்ன செய்வது என்று முதலாளியம்மா கேட்டார்.

"கார்டு இருக்கேம்மா. கழுத்துல மாட்டிக்கிட்டு, தொட்டாப் போதும். மொத நாளே பைல வச்சிருந்தேன். யாரும் கேக்கல."

அண்ணி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது செகண்ட் இருக்கும்.

"இந்தத் தாள் அப்படியே சுகாதார ஆபீசுக்குப் போகட்டும். அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கும் ஒண்ணு" என்றார் முதலாளியம்மா. "ஆபீஸ்ல என்ன சொல்றாங்களோ, கடையும் சேந்து வாங்கிக்கும். ஆனா நீ தெரிஞ்சே மூடாமப் போயிருக்க. ஒரு மாசம் மெஷினத் தொடக் கூடாது. பின்னாடி பாத்திரம் கழுவு."

"கழுவறேம்மா. என் தப்புன்னு நானே எழுதினேனே. அந்தப் பொண்ணும் மாசமா இருக்கா, உக்காந்து காய் நறுக்கட்டும்." ஏழக்கா கொஞ்சம் நிறுத்தினாள். "மேனேஜர் எங்க கழுவுவாரும்மா?"

டீ மாஸ்டர் திரும்பிக்கொண்டு, இல்லாத டீயை ஆற்றினார்.

முதலாளியம்மாவின் உதடு அசைந்தது. "நீயும் ஒரு மாசம், பகல் கூட்டத்துல வந்து மெஷின்ல நில்லு" என்றார் மேனேஜரிடம். "ஒவ்வொரு தடவையும் விரல் வச்சுத் திற. ஒவ்வொரு தடவையும் மூடு."

*

தாயும் பிள்ளையும் பத்து நாள் கழித்து வந்தார்கள். மழை விட்டு, வெயில் கழுவின தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. பகல் கூட்டம் இன்னும் சேரவில்லை. மெஷினில் அண்ணி நின்றிருந்தாள், கழுத்தில் கார்டோடு. அவர்களைக் கண்டதும் கார்டைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான்தான் அன்னிக்கு..."

"தெரியும். தாள் வந்துச்சு." தாய் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரில உக்காந்திருந்தப்போ, யாரு செஞ்சாங்களோ அவங்க கையப் புடிச்சு உலுக்கணும்னு இருந்துச்சு. அப்புறம் தாளப் படிச்சேன். ஏழக்கா வேண்டாம்னு நான் ஏன் சொல்லப் போறேன்? அவங்கதானே எங்களக் கார்ல ஏத்திவிட்டாங்க."

"தப்புதாம்மா. மன்னிப்புக் கேக்கக் கூட வாய் வரல."

தாய் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பிள்ளையின் தலையில் கை வைத்தாள்.

"பால் கேக்கறா" என்றாள் கடைசியில். "இங்க வர வேண்டாம்னுதான் நெனச்சேன். கேக்கறா. ஒரு பால். ஏலக்காய் வேண்டாம். டப்பால போட்டு வைக்கிற ஏலக்காய்."

அண்ணி கார்டைத் தொட்டாள். திரை திறந்தது. பதினொன்று. குறிப்பு என்ற இடத்தைத் தேடி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள்.

"ஏ... ல... க்... கா... ய்... வேண்டாம். சரியாம்மா? நீங்களும் ஒரு தடவ பாத்துடுங்க."

தாய் மேசை மேல் எட்டிக் குனிந்து, திரையைப் படித்துப் பார்த்தாள். "சரி."

"ஏழக்கா எங்க?" என்றது பிள்ளை.

"பின்னாடி இருக்காங்க கண்ணு. இத நானே போடறேன்."

சீட்டு வந்தது. அதன் தலையில் ஏழு இல்லை. இந்தத் தடவை பால் அண்ணியின் பேரிலேயே போயிற்று. பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "மாஸ்டர், சின்னப் பாத்திரம்! சின்னப் பாத்திரத்துலேர்ந்து!" என்று ஏழக்காவின் குரல் கேட்டது.

"தெரியும் ஏலக்கா! சீட்ட ரெண்டு தடவ படிச்சுட்டேன்!"

பிள்ளை இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டது. ஊதியது. ஒரு மடக்கு. தாய் எதிரில் உட்கார்ந்து அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழக்கா கதவருகில் வந்து நின்றாள், முழங்கை வரை நுரை. டீ மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். பிள்ளை இன்னொரு மடக்குக் குடித்து, மேலுதட்டை நாக்கால் துடைத்தது.

மெஷினை யாரும் தொடவில்லை. முப்பது செகண்ட் ஆயிற்று. திரை தானாக மூடிக்கொண்டது.

அண்ணி நகரவில்லை. கிளாஸ் காலியாகும் வரை அங்கேயே நின்றாள்.